ஒரு கவளமும் ஒரு சிரட்டைக் கஞ்சியும்

மே மாதத்தில் ரொறன்ரோவில் குளிர் இன்னும் முழுதாக விட்டிருக்காது. மரங்கள் அப்போதுதான் துளிர்க்கத் தொடங்கும். அந்த நாள்களில் ஸ்காபரோவின் கடைத்தொகுதி வாசல்களிலும் மண்டபங்களிலும் பெரிய பானைகளில் கஞ்சி கொதிக்கும். அரிசி, தண்ணீர், உப்பு. வேறொன்றும் இல்லை. வரிசையில் நிற்பவர்கள் சிரட்டையிலோ கடதாசிக் குவளையிலோ வாங்கி, நின்றபடியே குடித்து, சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டுப் போவார்கள். அப்படியொரு வரிசையில் எனக்கு முன் நின்ற சிறுமி தன் அம்மம்மாவிடம் கேட்டாள்: “ஏன் அம்மம்மா இதுக்கு ஒரு ருசியும் இல்லை?”

“அண்டைக்கு இதுவும் எல்லாருக்கும் கிடைக்கேல்லை, பிள்ளை.”

அம்மம்மா அவ்வளவுதான் சொன்னார். சிறுமி மேற்கொண்டு கேட்கவில்லை. சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்து முடித்தாள். நானும் பல ஆண்டுகளாக இந்தக் கஞ்சியைக் குடித்து வருகிறேன். எதற்காகக் குடிக்கிறோம், குடித்தவர்கள் மறுநாள் எப்படி வாழ வேண்டும் என்று என்னையே நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மே 18 என்றால் ஈழத்தமிழராகிய நமக்கு முள்ளிவாய்க்கால். தென்கொரியருக்கு அது குவாங்ஜு. பேச்சுவழக்கில் அவர்கள் திகதியின் இலக்கங்களையே பெயராக்கி, ஐந்து-ஒன்று-எட்டு என்று சொல்கிறார்கள். நமக்கு 2009, அவர்களுக்கு 1980. இரண்டையும் ஒன்றென்று சொல்ல நான் வரவில்லை. அங்கே ஒரு நகரம் தன் நாட்டின் இராணுவ ஆட்சிக்கு எதிராக மக்களாட்சி கேட்டு எழுந்தது. இலங்கையில் போரின் கடைசி மாதங்களில், கடலுக்கும் களப்புக்கும் இடையே ஒடுங்கிய மண்ணில் ஒரு மக்கள்கூட்டம் அடைபட்டு மடிந்தது. காரணமும் வேறு, அளவும் வேறு. ஆனாலும் தம் துயரத்தை நினைத்துக்கொள்ள இரண்டு மக்களும் கையில் எடுத்தது உணவைத்தான். நமக்குக் கஞ்சி. அவர்களுக்குக் கையால் பிடித்த சோற்றுருண்டை.

அந்தச் சோற்றுருண்டையின் கதையைச் சொல்ல வேண்டும். தென்கொரியாவைப் பதினெட்டு ஆண்டுகள் ஆண்ட பார்க் சுங்-ஹீ, 1979 ஒக்டோபர் 26 அன்று தன் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இனி மக்களாட்சி வரும் என்று நாடு நம்பியது. டிசம்பர் 12 இல் தளபதி சுன் டூ-ஹுவான் படையைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். 1980 மே 17 இரவு இராணுவச் சட்டம் நாடு முழுவதற்கும் விரிந்தது. பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. கிம் டே-ஜுங் உட்பட எதிரணித் தலைவர்கள் கைதானார்கள். மறுநாள் காலை குவாங்ஜுவில் ஜொன்னம் தேசியப் பல்கலைக்கழக வாசலில் கூடிய மாணவர்கள்மீது வான்குடைப் படையினர் தடிகளோடு பாய்ந்தார்கள். வழியில் போனவர், கடைக்கு வந்தவர் என்று பார்க்காமல் அடித்தார்கள். அடித்தால் நகரம் அடங்கிவிடும் என்று எண்ணினார்கள்.

நகரம் அடங்கவில்லை. மே 20 மாலை பஸ், ரக்ஸி சாரதிகள் முகப்பு விளக்குகளை எரியவிட்டபடி கும்நம்-ரோ வீதியில் அணிவகுத்து வந்தார்கள். மறுநாள் பிற்பகல், மாகாண அரசுச் செயலகத்தின் முன் திரண்ட மக்கள்மீது படை சுட்டது. அதன்பின் மக்களும் காவல் நிலையங்களில் இருந்த துப்பாக்கிகளை எடுத்தார்கள். அன்று மாலை இராணுவம் நகரைவிட்டு வெளியேறி, சுற்றிவளைத்து நின்றுகொண்டது. தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. உள்ளே வரும் வழிகள் அடைபட்டன. அடுத்த ஐந்து நாள்கள் அந்த நகரில் அரசும் இல்லை, பொலிசும் இல்லை.

அந்த ஐந்து நாள்களில் வங்கிகள் கொள்ளையிடப்படவில்லை. கடைகள் சூறையாடப்படவில்லை. யாங்டாங் சந்தையிலும் டேயின் சந்தையிலும் கடை வைத்திருந்த பெண்கள் தெருவோரத்தில் அண்டாக்களை ஏற்றிச் சோறாக்கினார்கள். உப்பிட்டுக் கையால் உருட்டி, வீதியில் நின்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். நம் வீடுகளில் சட்டியில் மிஞ்சிய சோற்றையும் கறியையும் பிசைந்து, சுற்றி இருக்கும் பிள்ளைகளின் உள்ளங்கையில் அம்மா ஒவ்வொரு கவளமாக வைப்பாரே, குழையல் சோறு, அதுபோன்ற சோறுதான். மருத்துவமனைகளில் இரத்தம் கொடுக்க நீண்ட வரிசைகள் நின்றன. ஊர் ஒதுக்கி வைத்திருந்த பாலியல் தொழிலாளர்களும் அந்த வரிசையில் வந்து நின்றார்கள். அவர்களுடைய இரத்தமும் மற்றவர்களுடைய இரத்தத்தோடு சேர்ந்தது.

வள்ளுவர், இருப்பதைப் பகுத்துக் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பதே அறங்களுக்கெல்லாம் தலை என்றார். அதை அவர் ஈகை அதிகாரத்தில் வைக்கவில்லை, விருந்தோம்பலிலும் வைக்கவில்லை. கொல்லாமை அதிகாரத்தில், இரண்டாம் குறளாக வைத்தார். பள்ளிக்கூடத்தில் மனனம் செய்த காலத்தில் அது ஏன் அங்கே இருக்கிறது என்று நான் யோசித்ததில்லை. குவாங்ஜுவைப் பற்றி வாசித்தபோதுதான் விளங்கியது. ஆயிரக்கணக்கானவரைக் கொல்ல நினைப்பவன் முதலில் அவர்களைப் பிரிக்கிறான். இவன் மாணவன், அவன் கலகக்காரன், இவள் கெட்டவள், இவர்கள் நம்மவரல்லர் என்று பெயர் வைக்கிறான். பெயர் நிலைத்துவிட்டால் கொலை எளிதாகிவிடும். ஒரு கவளத்தை எடுத்து முன்பின் தெரியாதவனின் கையில் வைக்கும் பெண் அந்தப் பிரிவினையை அங்கேயே அழிக்கிறாள். தனக்குள்ளது போலவே அவனுக்கும் ஒரு வயிறு இருக்கிறது என்று ஊரறியச் சொல்கிறாள். கொல்லாமை அந்தக் கையிலிருந்துதான் தொடங்குகிறது.

அதனால்தான் ஆட்சியாளருக்குக் கஞ்சி அச்சம் தருகிறது. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில், முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பெண்களைப் பொலிசார் கைது செய்தார்கள். அவர்களிடம் இருந்தவை ஒரு பானையும் கொஞ்சம் அரிசியும்தான்.

குவாங்ஜுவில் நான் வணங்கும் இன்னொருவர் மக்கள் பக்கத்தில் நின்றவர் அல்லர். அந்த மாகாணத்தின் காவல்துறைத் தலைவர் ஆன் பியோங்-ஹா. மக்கள்மீது சுடுவதற்கு அவர் கட்டளை பிறப்பிக்க மறுத்தார். துப்பாக்கிகளை எட்ட வைக்கச் சொன்னார். காயப்பட்டவர்களைக் கவனிக்கச் சொன்னார். அதற்காகப் பதவி போனது. இராணுவப் புலனாய்வினர் அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். உடம்பு தேறாமலே 1988 இல் இறந்தார். அவருக்கு உரிய மதிப்பை அரசு கொடுக்கப் பல ஆண்டுகள் சென்றன.

நம்மில் பெரும்பாலோர் ஒருநாளும் போராட்டத்தின் முன்வரிசையில் நிற்கப்போவதில்லை. ஆனால் நாம் எல்லோரும் எங்கோ ஓரிடத்தில் உத்தியோகம் பார்க்கிறோம். அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ, மேலிருந்து ஓர் அநியாயம் கட்டளையாக வந்து நம் மேசையில் விழும் நாள் வரும். “சொன்னதைச் செய்தேன்” என்பது உலகத்தில் மிகுதியாகச் சொல்லப்பட்ட சாக்கு. ஆன் பியோங்-ஹா அதைச் சொல்லி வேலையைக் காப்பாற்றியிருக்கலாம். சம்பளமும் ஓய்வூதியமும் பிள்ளைகளின் எதிர்காலமும் ஒரு தட்டில் இருக்க, மறுதட்டில் பெயர் தெரியாத சில மாணவரின் உயிரை அவர் வைத்துப் பார்த்தார்.

மே 27 விடியுமுன் இராணுவம் தாங்கிகளோடு திரும்பி வந்தது. செயலகக் கட்டடத்தைக் காத்து நின்றவர்களுக்குத் தாம் தோற்கப்போவது தெரியும். அவர்களின் பேச்சாளர் யூன் சாங்-வொன், தொழிலாளருக்கான இரவுப் பள்ளியில் படிப்பித்த இருபத்தொன்பது வயது இளைஞர். உள்ளே இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொன்னார். தான் போகவில்லை. விடிந்தபோது அவர் இறந்து கிடந்தார். அரசு ஏற்றுக்கொண்ட கணக்கின்படியே 160 க்கு மேற்பட்ட குடிமக்கள் அந்த நாள்களில் கொல்லப்பட்டார்கள். காணாமற்போனவர் பலரின் எலும்புகூட இன்னும் வீடு திரும்பவில்லை.

கொன்றதோடு விட்டிருந்தால் ஆட்சிக்கு வேலை குறைவு. உண்மையையும் கொல்ல வேண்டியிருந்தது. இது பொதுவுடைமைவாதிகளின் கலவரம் என்று அறிவித்தார்கள். கண்ணால் கண்டதில் ஒரு வரிகூட அச்சிட முடியாத நிலையில், உள்ளூர் நாளிதழொன்றின் செய்தியாளர்கள் கூட்டாகப் பதவி விலகினார்கள். ஜேர்மன் ஒளிப்பதிவாளர் யூர்கன் ஹின்ஸ்பீட்டர், கிம் சா-போக் என்ற சாரதி ஓட்டிய காரில் நகருக்குள் நுழைந்து எடுத்த படச்சுருள்தான் வெளியுலகுக்குச் சாட்சியானது. மாங்வொல்-டாங் இடுகாட்டில் பிள்ளைகளைப் புதைத்த குடும்பங்களைப் பணத்தாலும் மிரட்டலாலும் மடக்கி, புதைகுழிகளை வேறிடங்களுக்குப் பிரித்து மாற்றப் பார்த்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 2021 ஜனவரி 8 இரவு முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இயந்திரம் கொண்டு இடித்ததைப் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தத் தூபி சில மாதங்களிலேயே மீண்டும் எழுந்தது.

குவாங்ஜுத் தாய்மார் ஓயவில்லை. ஆண்டுதோறும் இடுகாட்டுக்குப் போனார்கள், பெயர்களைச் சேர்த்தார்கள், ஆவணங்களைக் காத்தார்கள். 1987 ஜூனில் நாடே எழுந்து, ஜனாதிபதியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையை வென்றது. 1996 இல் சுன் டூ-ஹுவான் கூண்டில் நிறுத்தப்பட்டு மரண தண்டனை பெற்றார். அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 1997 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த ஆண்டின் முடிவிலேயே அவருக்கு மன்னிப்பும் கிடைத்தது. குவாங்ஜுவில் படை ஹெலிகொப்டரிலிருந்து சுட்டதைக் கண்டதாகச் சாட்சி சொன்ன சோ பி-ஓ அடிகளாரை, அவர் இறந்தபின் 2017 இல் வெளியிட்ட தன் நூலில் சுன் பொய்யர் என்று எழுதினார். நகர் நடுவே நின்ற பழைய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில், முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் கண்டறியப்பட்ட குண்டுத் தழும்புகள் அடிகளார் பக்கம் பேசின. இறந்தவரை அவதூறு செய்த குற்றத்துக்காக 2020 நவம்பரில் நீதிமன்றம் சுன்னைக் குற்றவாளி என்றது. மறு ஆண்டு அவர் இறந்தார். கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அவருடைய பேரன் 2023 மார்ச்சில் குவாங்ஜு போய், பலியானவர்களின் குடும்பங்கள்முன் மண்டியிட்டு, கல்லறைகளைத் தன் மேலங்கியால் துடைத்தார்.

நினைவு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு 2024 டிசம்பர் 3 ஆம் திகதி இரவைக் காட்டுவேன். அன்று தென்கொரிய ஜனாதிபதி யூன் சுக்-யோல் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். சியோலில் மக்கள் படுக்கையிலிருந்து எழுந்து நாடாளுமன்றத்துக்கு ஓடினார்கள். படைவீரரின் முன் வெறுங்கையோடு நின்றார்கள். உறுப்பினர் 190 பேர் உள்ளே புகுந்து, ஒருவர்கூட எதிர்க்காமல், அந்தச் சட்டத்தை நீக்க வாக்களித்தார்கள். விடியுமுன் அது நீங்கியது. நான்கு மாதத்தில் ஜனாதிபதியும் பதவியிழந்தார். ஒரு நகரத்தின் துயரத்தைப் பிள்ளைகளுக்கு உண்மையாகச் சொல்லி வளர்த்த நாடு, அந்தத் துயரம் நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் மறுபடி கதவைத் தட்டியபோது அடையாளம் கண்டுகொண்டது.

இனி நம் பக்கம் வருகிறேன். இந்த ரொறன்ரோவில் 2009 ஜனவரி 30 அன்று பனிக்குளிரில் நாம் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றோம். பின்னர் யூனிவேர்சிற்றி வீதியில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் வாரக்கணக்காக இருந்தோம். மே 10, அன்னையர் தினம், ஞாயிறு மாலை, கார்டினர் அதிவேக நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தோம். குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தாய்மார் இருந்தார்கள். நகரத்தில் பலர் கோபப்பட்டார்கள். போக்குவரத்து முடங்கியதைத்தான் அவர்கள் கண்டார்கள். அந்த வார இறுதியில் முள்ளிவாய்க்காலில் நூற்றுக்கணக்கானோர் எறிகணைகளுக்கு இரையாகிக்கொண்டிருந்தார்கள். சாவு 40,000 வரை இருக்கக்கூடும் என்று 2011 இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. 70,000 க்கு மேலும் இருக்கலாம் என்று 2012 இல் ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு சொன்னது. ஆயிரம் பத்தாயிரமாக மாறுபடும் கணக்கு, எண்ணப்படாமலே போனவர்களின் கணக்கு.

இங்கே நாம் சும்மா இருக்கவில்லை. 2021 இல் ஒன்ராறியோ சட்டமன்றம் தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரத்துக்குச் சட்டம் இயற்றியது. 2022 மே 18 இல் கனடிய நாடாளுமன்றம் அந்நாளை நினைவு நாளாக ஒருமனதாக ஏற்றது. 2025 மே மாதம் பிரம்டன் பூங்காவில் நினைவுச்சின்னம் எழுந்தது. இவை பெரிய காரியங்கள். ஆனால் சட்டமும் கல்லும் நமக்காக நல்லபடி வாழ்ந்து தரமாட்டா.

கல்வி வாரம் என்றால் பிள்ளைக்கு முழு உண்மையும் சொல்ல வேண்டும். அரச படை மருத்துவமனைகளின்மீதும் உணவுக்கு நின்ற வரிசைகளின்மீதும் எறிகணை வீசியதென்று சொன்ன அதே ஐ.நா. நிபுணர் குழு, தப்பியோட முயன்ற நம் மக்களை விடுதலைப் புலிகள் தடுத்ததையும் சுட்டதையும், பிள்ளைகளைப் பலவந்தமாகச் சேர்த்ததையும் சொன்னது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் புலிகளால் சில மணிநேர அவகாசத்தில் வீடுவாசலை விட்டு விரட்டப்பட்டார்கள். அதையும் நம் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் நம் துயரம் சிறுத்துவிடும் என்று அஞ்சுகிறவர்களை நான் அறிவேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் குற்றத்தையும் சேர்த்துச் சொல்பவனின் சாட்சியத்தைத்தான் ஊர் நம்பும். குவாங்ஜுவின் பெயரால் வழங்கும் மனித உரிமைப் பரிசு 2003 இல் இலங்கைக்கு வந்தது. அதைப் பெற்றவர், தெற்கிலே காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களுக்காகப் பாடுபட்ட ஜயந்தி தந்தெனிய என்ற சிங்களப் பெண். வவுனியாவில் காணாமலாக்கப்பட்ட மகனின் படத்தை மார்போடு பிடித்து இருக்கும் தாய்க்கும் தெற்கில் படம் பிடித்து நின்ற தாய்க்கும் இடையே உள்ள தூரத்தைக் குவாங்ஜு நம்மைவிட முன்பே கடந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1986 ஓகஸ்ட் 11 அன்று நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால், உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். கஸ் டால்ற்றன் என்ற மீனவர்தான் முதலில் கண்டவர். யார், எந்த நாடு, என்ன மதம் என்று கேட்டுவிட்டா ஏற்றினார்? முதலில் ஏற்றினார். 2023 கோடையில் இதே ரொறன்ரோவின் நடுவே, பீற்றர் வீதியில், ஆபிரிக்க நாடுகளிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்கள் தங்க இடமின்றி நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். கறுப்பின மக்களின் தேவாலயங்கள் கதவைத் திறந்து அவர்களை உள்ளே எடுத்தன. நான் அந்த வழியால் போனேன். பார்த்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அந்த ஆண்டு மே மாதத்திலும் நான் கஞ்சி குடித்திருந்தேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விடவில்லை, விடவும் கூடாது.

இந்நகரில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் இன்று உணவு வங்கியை நம்பி இருக்கிறார்கள். அவர்களில் நம்மவரும் உண்டு. நேற்று வந்திறங்கிய மாணவரும் உண்டு. வாடகை கொடுத்தபின் கையில் ஒன்றும் மிஞ்சாத முதியவரும் உண்டு. ருசியில்லாத அந்தக் கஞ்சி நமக்குக் காட்டும் வரிசை இது. 2009 இல் கஞ்சிக்கு நின்றவர்களைக் கும்பிடுகிறோம். இன்று நிற்பவர்களைக் கண்டும் காணாமல் போகிறோம் என்றால், நாம் கும்பிட்டது யாரை?

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வருகிற மே 18 அன்று கஞ்சி காய்ச்சுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காய்ச்சுங்கள். அது ஏன் உப்புக்கஞ்சி என்று சொல்லுங்கள்; நம்மவர் செய்த பிழையையும் மறைக்காமல் சொல்லுங்கள். குவாங்ஜுச் சந்தையில் சோறு உருட்டிய பெண்களைப் பற்றியும், சுட மறுத்த காவல் அதிகாரியைப் பற்றியும் சொல்லுங்கள். பிறகு இன்னொரு பானை ஏற்றுங்கள். அதை நம்மவரல்லாத ஒருவருக்கு, பெயர் கேட்காமல், உங்கள் கையால் கொடுங்கள்.